சேமித்தாயிற்று என்று திரை சொன்னது

ஒக்டோபர் 27, திங்கள்
காலையிலிருந்து வானம் மப்பு. கிண்ணியா பஸ்ஸில் இருக்க இடமில்லை. மீனவர் சங்கத்துப் பிரிண்டர் மறுபடியும் பேப்பரை விழுங்கிவிட்டது. யூபிஎஸ் பற்றரி செத்து மாதக்கணக்கு, கேட்டுக் கேட்டு வாய் வலிக்கிறது.

மாலையில் இடி. வள்ளங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ரேடியோ செட்டில் கூப்பிட்டன. செட்டைப் பார்க்கும் புஷ்பா அக்கா ஒவ்வொன்றும் நிற்கும் இடத்தைக் கேட்டுக் கேட்டுக் கம்ப்யூட்டரில் அடித்தார். கடைசி மின்னலுக்கு எழுந்து போய் கம்ப்யூட்டர் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டார். இங்கே எல்லோரும் செய்வதுதான். எங்கள் உம்மா ஃபிரிட்ஜையும் விடமாட்டா.

"அக்கா, முதல்ல முறையா நிப்பாட்டோணும்."
"மின்னல் உன்ர முறைக்குக் காத்து நிக்குமே? சேவ் பண்ணிட்டன், போ."

நனைந்தபடி வீடு. கால் உளைச்சல்.

28, செவ்வாய்
யோகனின் வள்ளம் வரவில்லை. விடிய வந்திருக்க வேண்டும். சல்லி ஊர் ஆட்கள், நாலு பேர். போன் எடுபடவில்லை.

கம்ப்யூட்டரில் யோகனின் கடைசி இடம் நேற்று மத்தியானத்தது: நிலாவெளிக்கு நேரே வெளியில். பின்னேரம் கூப்பிட்டதாக ஒன்றும் இல்லை.

அக்கா: "கூப்பிட்டவன். நான் அடிச்சனான். சேவ் ஆச்சு எண்டு வந்தது."
சங்கத் தலைவர்: "எங்க இருக்கு, காட்டுங்கோ. முந்தநாள் கதையை நேத்தையோட குழப்பிறியள்."

இடத்தை ஞாபகப்படுத்திச் சொல்லச் சொன்னார். அக்காவால் ஏலவில்லை. பத்துப் பேர் சேர்ந்து கத்தினால் யார் ஞாபகம் வைப்பது. செட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டாம் என்று தலைவர் அக்காவை எழுப்பிவிட்டார். தேடப் போன வள்ளங்கள் நிலாவெளிப் பக்கம்.

யோகனின் மனைவி மாலா வாசல் வாங்கில் உட்கார்ந்திருந்தாள். அக்கா தேத்தண்ணி கொண்டு போனார். "எழுதாம விட்டிட்டு தேத்தண்ணி தாறியளே?" அக்கா கோப்பையோடு திரும்பி வந்தார். இருவருக்கும் ஒரே ஒழுங்கையில்தான் வீடு.

வாங்க வேண்டியது: பனடோல், தம்பிக்கு டயரி, மீன் இல்லாமல் ஏதாவது.

29, புதன்
வெயில். தேடிய வள்ளங்கள் வெறுங்கையோடு வந்தன. தலையிடி.

பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. சங்கத்துக் கம்ப்யூட்டரைப் பார்க்கிற எனக்கு இது நேற்றே தெரிந்திருக்க வேண்டும், படித்ததே இதுதான். கோப்பில் எழுது என்றால், கம்ப்யூட்டரை உள்ளிருந்து நடத்தும் கேர்னல் உடனே வட்டில் எழுதாது. நினைவகத்தில் ஒரு பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு "ஆயிற்று" என்று சொல்லிவிடும். அழுக்குப் பக்கம் என்று பேர் வைத்திருக்கிறார்கள். வட்டு சோம்பேறி என்பதால் சேர்த்துவைத்து, அரை நிமிடம் போல் கழித்துத்தான் இறக்கும். அதற்குள் கரண்ட் போனால் பக்கமும் போய்விடும். அக்கா கடைசி இடங்களை அடித்தார், சேமித்தார், உடனே பிடுங்கினார்.

தலைவர் நம்பவில்லை. "திரையில சேவ் எண்டு வந்தா சேவ்தானே பிள்ளை?"

செய்து காட்டினேன். அவரையே அடிக்கச் சொன்னேன். தன் பேரை அடித்தார், சேமித்தார், நான் பிளக்கைப் பிடுங்கினேன். திரும்பப் போட்டபோது பேர் இல்லை. இன்னொரு தரம். இம்முறை கொஞ்சம் பொறுத்துப் பிடுங்கினேன். பேர் இருந்தது.

தலைவர் தானே செட்டை எடுத்தார். "திங்கள் பின்னேரம் யோகன் கதைச்சதை ஆராவது கேட்டனீங்களோ?"

இரைச்சல். அப்புறம் ஒரு மூதூர் வள்ளம்.
"ஓம், நான் கேட்டனான். வெருகலுக்கு நேர வெளியில வலை போடப்போறன் எண்டவன்."
"ஏன் முந்தியே சொல்லேல்ல?"
"நீங்க கேக்கேல்லயே."

கேட்கவில்லை. பதிவில் இல்லாததை யாரும் கேட்கவில்லை. இரண்டு நாளாக வடக்கே நிலாவெளியில் தேடியிருக்கிறோம், அவன் நின்றது தெற்கே. வள்ளங்கள் உடனே தெற்கே போயின.

அக்கா குசினிக்குள் நின்று அழுதார். "மாலா ஏசினது பறவாயில்ல தங்கச்சி. எனக்கே சந்தேகம் வந்திட்டுது. நான் அடிச்சனானா, இல்லையா எண்டு. நாலு பேரைக் கொண்டுபோட்டன் எண்டு நினைச்சன்."
கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

30, வியாழன்
பின்னேரம் யோகனின் வள்ளத்தைக் கட்டி இழுத்து வந்தார்கள். என்ஜின் பழுது, செட் பற்றரியும் செத்துவிட்டது. நாலு பேரும் உயிரோடு. அல்ஹம்துலில்லாஹ். யோகனுக்கு உதடெல்லாம் வெடிப்பு, தண்ணியை மெல்ல மெல்லக் குடிக்கச் சொன்னார்கள். மாலா வள்ளம் கட்டும் ஜெட்டிக்கு ஓடினாள். சங்கமே ஓடியது. அக்கா மட்டும் போகவில்லை. செட்டடியில் இருந்தார்.

காலையிலேயே கம்ப்யூட்டரின் அமைப்பை மாற்றிவிட்டேன். அடிக்க அடிக்க உடனுக்குடன் வட்டில் இறங்கும். மெசின் ஊர்கிறது. பில் அடிக்கிற பெடியள் முகத்தைச் சுளிக்கிறார்கள்.

மாலா திரும்பி வந்தாள், ஜன்னலடியில் நின்று அக்காவைப் பார்த்தாள், போய்விட்டாள். அக்காவும் கூப்பிடவில்லை.

தலைவர் எட்டிப் பார்த்தார். ஜெட்டியிலிருந்து வந்த சந்தோஷம் இன்னும் முகத்தில். "வள்ளம் வந்திட்டுதுதானே பிள்ளை. மெசினைப் பழையபடி கெதியா ஆக்கிவிடும்."

"ஏலாது."

இந்த வேலைக்கு வந்து அவரிடம் சொன்ன முதல் ஏலாது. அவர் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், போய்விட்டார்.

செட்டில் ஒரு வள்ளம் கூப்பிட்டது. அக்கா அடித்து, சேமித்து, என் பக்கம் திரும்பினார்.
"இப்ப உண்மையா எழுதிட்டுதோ?"
"ஓம் அக்கா."
"திரும்பச் சொல்லு."