வாரியின் அம்மா கேட்டது

வெள்ளி, சித்திரை 20

குயிலாப்பாளையம் கெஸ்ட் ஹவுஸில் நான் பெருக்கித் துடைக்கிற அறையில் வாரி என்ற ஸ்காட்லாந்துப் பெண் மூன்று மாதமாகத் தங்கியிருக்கிறார். பெயர் மாரிதானாம். அவர்களுடைய கேலிக் பாஷையில் கூப்பிடும்போது அது வாரி ஆகிவிடுமாம். என் தங்கையும் மாரிதான்.

இன்று மத்தியானம் அவருடைய அம்மா அவர்கள் ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடியோவில் வந்தார். பக்கவாதம் வந்ததிலிருந்து அந்த அம்மாவுக்கு இங்கிலீஷ் மறந்துபோய், கேலிக் மட்டும்தான் வருகிறது. "ஊஷ்கே, ஊஷ்கே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நர்ஸுக்கும் புரியவில்லை, மகளுக்கும் புரியவில்லை.

துடைப்பத்தை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன். உதடெல்லாம் வெடித்திருந்தது, நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. மரக்காணம் உப்பளத்தில் பத்து வருஷம் வெயிலில் நின்றவளுக்கு அந்த வாய் தெரியாதா?

"தண்ணி கேக்குறாங்க, வாரிம்மா."

வாரி நர்ஸிடம் சொன்னார். ஸ்பூனில் கொடுத்ததும் அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார்.

போனை வைத்ததும் வாரி அழுதார். "அம்மா எனக்கு அந்த பாஷை சொல்லித் தரல. இங்கிலீஷ் பேசினா நல்ல வேலை கிடைக்கும், அப்படி சொன்னாங்க" என்றார் அரைகுறைத் தமிழில்.

போன வாரம் என் மகளிடம் நானும் அதையேதான் சொன்னேன்.

நாளைக்கு அவர் ஊருக்குக் கிளம்புகிறார். "அம்மாகிட்ட என்ன பேசுவேன்?" என்று கேட்டார்.

"பேசவே வேணாங்க. கையப் புடிச்சினு பக்கத்துல உக்காருங்க, போதும்."

சொல்லிவிட்டு வந்தேனே தவிர, அது போதுமா என்று எனக்கே தெரியவில்லை.