கல் பொறுக்கிய மைதானம்

திருவொற்றியூர்
9.8.2025, சனிக்கிழமை

அன்பு மகள் மகிழினிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் தம்பி அறிவும் உடம்பளவில் நன்றாகத்தான் இருக்கிறோம். நீயும் அங்கே அப்படியே இருப்பாய் என்று எழுதத்தான் கை பழகியிருக்கிறது, ஆனால் நீ நன்றாக இல்லை என்பது எனக்குத் தெரிந்துவிட்டது, அதனால் அந்த வரியை இந்தத் தடவை எழுதவில்லை. வருகிற வியாழக்கிழமை உனக்கு முட்டியில் ஆபரேஷன் என்று அறிவு சொல்லிவிட்டான். அவனைத் திட்டாதே, நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். போனில் கேட்டால் சின்ன விஷயம்பா என்று சொல்லி நீ வைத்துவிடுவாய், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். வியாசர்பாடியில் நமக்கு எதிர் வீட்டில் இருந்த ஜேக்கப் மகள் டெபோரா படிப்பதற்காக உன் டப்ளினுக்கே வருகிறாள், திங்கட்கிழமை கிளம்புகிறாள், அவள் கையில்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அம்மா பருப்புப் பொடியும் நெத்திலிக் கருவாடும் கட்டி வைத்தாள், கருவாடு மட்டும் வாணாம் ஆண்ட்டி, பொட்டியே நாறிடும் என்று அந்தப் பெண் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டது. பொடி மட்டும் வரும்.

அறிவு கண்டெய்னர் யார்டில் அதே சூப்பர்வைசர் வேலையில்தான் இருக்கிறான், நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து பகலெல்லாம் தூங்குகிறான், பெண் பார்க்கலாமா என்று கேட்டால் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறான். அம்மாவுக்கு இருமல் விட்டபாடில்லை, காற்று வடக்கே அனல் மின்நிலையப் பக்கம் இருந்து அடிக்கிற நாளில் துணி காயப்போட்டால்கூட சாம்பல் படிகிறது, ஜன்னலைச் சாத்து என்றால் கேட்பதில்லை. நான் ரிடையர் ஆகி இரண்டு வருஷம் ஆகிறது, ஹார்பர் கேட்டைக் கனவில் இன்னும் பார்க்கிறேன். சுகர் இறங்கியிருக்கிறது. தினமும் நடக்கிறேன் என்று உன்னிடம் சொன்னேனே, அது பாதிப் பொய். ஏழு மாதமாக நான் ஓடுகிறேன் கண்ணு. ஓட்டம் என்ற பேச்சை எடுத்தாலே நீ வேறு பேச்சுக்குத் தாவிவிடுவாய், அதனால்தான் நடை என்று சொல்லி வைத்தேன்.

பொங்கல் முடிந்து ஆரம்பித்தது. எக்ஸ்பிரஸ் ரோட்டு ஓரமாக அலை கரையை அரிக்காமல் இருக்கக் கடலுக்குள் கல்லைக் கொட்டித் தூண்டில் வளைவு கட்டியிருக்கிறார்களே, அதுதான் எனக்குக் கணக்கு. ஒரு வளைவிலிருந்து அடுத்த வளைவு வரை நடை, பிறகு கொஞ்சம் ஓட்டம், மூச்சு வாங்கினால் திரும்ப நடை. இரண்டாம் நாளே எனக்குத் திமிர் வந்து ஒரே மூச்சாக மூன்று வளைவு ஓடிவிட்டேன், ஒரு வாரம் மாடிப்படி இறங்க முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்கினேன், அம்மா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. பிறகுதான் கலீலுல்லா பாய் சேர்ந்தார். ராயபுரத்துக்காரர், முப்பது வருஷம் பெரியமேட்டில் ஷூ கம்பெனியில் வேலை பார்த்தவர், அவருக்கும் சுகர்தான். ஓடிகினே என்னாண்ட பேசு வரதா, பேச முடியலன்னா நீ ஓடல, சாவுறேன்னு அர்த்தம் என்பார். வாரத்துக்கு ஒரு வளைவுக்கு மேல் கூட்டக்கூடாது, இரண்டு நாள் ஓடினால் ஒரு நாள் காலுக்கு லீவு, கம்பெனிப் புகையில் மூக்கு எரிகிற நாளில் வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும், இதெல்லாம் அவர் போட்ட சட்டம். அப்படியே மெதுவாகக் கூட்டிக் கூட்டி ஜூன் கடைசியில் ஆறு வளைவு போய்த் திரும்பினேன், அறிவு போனில் பார்த்து அஞ்சு கிலோமீட்டர் நைனா என்றான். அன்றைக்கு உனக்குப் போன் போட்டுச் சொல்ல எவ்வளவு ஆசைப்பட்டேன் தெரியுமா. நம்பர் வரைக்கும் எடுத்துவிட்டு வைத்துவிட்டேன்.

இப்போது சொல்ல வந்ததைச் சொல்கிறேன், நடுவில் நிறுத்தாமல் படி. போன மாதம் என் பழைய ஷூ கிழிந்துபோய் புதிதாக ஒன்று வாங்கினேன். பாயிடம் கேட்கவில்லை, என் இஷ்டத்துக்கு வாங்கினேன். எட்டு என் அளவு, காலுக்குத் தாராளமாக இருக்கட்டும் என்று ஒன்பது கேட்டு, அதுவும் கொஞ்சம் இறுக்கமாகத் தெரிகிறது என்று பத்து எடுத்தேன். எனக்கு எப்போதும் அந்தப் புத்திதான். நாலாவது நாள் காலையில் நாலாவது வளைவுக்குப் பக்கத்தில் டிரெய்லர் லாரிகள் வரிசையாக நிற்கிற இடத்தில் ஓடிக்கொண்டிருந்தேன். திரும்பும்போது கால் ஒரு பக்கம் போக ஷூ ஒரு பக்கம் போக, முன்முனை மடங்கிக் குப்புற விழுந்தேன். முகவாய் கிழிந்தது, இரண்டு உள்ளங்கையும் தேய்ந்தது, பல்லுக்கு ஒன்றும் இல்லை. பாய் ஓடி வந்து தூக்கினார். நான் முதலில் என்ன செய்தேன் தெரியுமா, தரையில் கையால் தடவித் தடவிக் கல்லைத் தேடினேன். இன்னா தேடுற என்றார், கல்லு என்றேன். அந்த இடம் அப்போதுதான் புதிதாகத் தார் போட்ட இடம், நம் வீட்டுத் தரை மாதிரி இருந்தது. பாய் என்னை உட்கார வைத்து ஷூவின் முன்னால் விரலை வைத்து அழுத்தினார், உள்ளே ஒன்றும் இல்லாமல் அமுங்கியது. இன்னா வரதா, இது யாரு காலுக்கு வாங்கினது என்று கேட்டார்.

அவர் அப்படிக் கேட்டதும் என் கண் முன்னால் நீதான் வந்தாய். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு கடையில் யூனிஃபார்மோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாய், ஒன்பதாம் வகுப்பு. ஷிஃப்ட் முடிந்து நேராக வந்து உன்னைக் கூட்டிப் போயிருந்தேன். கடைக்காரர் நாலாம் நம்பர் போட்டுவிட்டார், நீ எழுந்து நின்று இரண்டு குதி குதித்தாய், உன் முகம் அப்படி ஒரு வெளிச்சமாக இருந்தது. நான்தான் ரெண்டு சைஸ் பெருசா குடுப்பா, ரெண்டு வருஷம் வரணும் என்றேன். ஓடுற பொண்ணு சார், கழண்டுக்கும் என்றார் அந்த மனிதர். வளர்ற காலு, எனக்குத் தெரியும் என்றேன். ஆறாம் நம்பரைக் கட்டும்போது நீ அந்த நாலாம் நம்பர் பெட்டியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாய். அம்மா முன்னால் பஞ்சு வைத்துக் கொடுத்தாள். குதிகாலில் தோல் உரிந்து சாக்ஸோடு ஒட்டிக்கொண்டபோது புது ஷூ அப்படித்தான் கடிக்கும் என்றேன். கட்டைவிரல் நகம் கறுத்தபோது நகத்தை வெட்டு என்றேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு பதில் இருந்தது.

போட்டி நாளுக்கு நான் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வந்தேன், ஞாபகம் இருக்கிறதா. எண்ணூறு மீட்டர். கடைசி வளைவில் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன், நீ இரண்டாவதாக வந்துகொண்டிருந்தாய், முன்னால் போன பெண்ணுக்கும் உனக்கும் நாலடிதான். என் கண் முன்னால் விழுந்தாய். உன்னைத் தூக்குவதற்கு முன்னால் நான் கேட்டது, அத்தனை பேர் நடுவில், கண்ண எங்க வச்சிகினு ஓடின என்று. நீ முட்டியைப் பிடித்துக்கொண்டு கல்லு தடுக்கிச்சிப்பா என்றாய். நானும் நம்பினேன். எலும்பு முறியவில்லை என்றார்கள், எண்ணெய்க் கட்டுப் போட்டு வீட்டில் படுக்க வைத்தோம், வீக்கம் வடிந்ததும் சரியாகிவிட்டது என்று நினைத்தோம். அதற்குப் பிறகு நீ ஓடவே இல்லை. எனக்குப் புடிக்கலப்பா என்றாய். சோம்பேறி என்று உன்னைச் சொந்தக்காரர்கள் முன்னால் எத்தனை தடவை கேலி செய்திருக்கிறேன்.

எக்ஸ்பிரஸ் ரோட்டில் அன்றைக்கு உட்கார்ந்திருந்தபோது இன்னொன்றும் ஞாபகம் வந்தது. போட்டிக்கு முதல் நாள் சாயங்காலம் நீ களைத்துப்போய் வந்தாய். சோறு சாப்பிடும்போது கையை விரித்துக் காட்டி, இன்னிக்கு பூரா கல்லு பொறுக்கினோம்பா, பி.டி. மாஸ்டர் எங்க எல்லாரையும் வரிசையா நிக்க வச்சி பக்கெட்டு பக்கெட்டா பொறுக்க வச்சிட்டாரு, கிரவுண்டுல ஒரு கல்லுகூட இல்ல என்று சொன்னாய். நான் கேட்டுக்கொண்டுதான் சாப்பிட்டேன். மறுநாள் அதே மைதானத்தில் கல் தடுக்கியது என்று நீ சொன்னபோது, எந்தக் கல் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லையே மகளே. பதினெட்டு வருஷம் தோன்றவில்லை. நான் குப்புற விழுந்து முகவாயைக் கிழித்துக்கொண்ட பிறகுதான் தோன்றியது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு, ஷூ மடங்கித்தான் உழுந்தேன்னு அன்னிக்கு நைட்டே எங்கிட்ட சொல்லிட்டா, அப்பா ஆசையா வாங்கி குடுத்தாரு, சொல்லாதம்மான்னு கைல அடிச்சி சத்தியம் வாங்கிகினா என்றாள். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. பிறகு பேசினேன், அவள் மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை. அந்த ஷூவை மறு வருஷம் அறிவுக்குக் கொடுத்தோம், அவனுக்குக் கச்சிதமாக இருந்தது, அவன் போட்டுக் கிழித்தான். இரண்டு வருஷம் வர வேண்டும் என்று வாங்கிய ஷூ இரண்டு வருஷம் வந்துவிட்டது, உன் ஓட்டம் நாலு மாதம்கூட வரவில்லை. இப்போது உன் முட்டியில் இருப்பது அந்தப் பழைய அடிதான் என்று அந்த ஊர் டாக்டர் சொல்லியிருக்கிறாராம், உள்ளே ஜவ்வு அறுந்து சரியாகச் சேராமலே வருஷக்கணக்காகத் தேய்ந்திருக்கிறதாம், ஆபரேஷன் செய்தாலும் இனி ஓடுவது கஷ்டம் என்றாராம். அதை நீ அம்மாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னாயாம். ஆஸ்பத்திரி வேலையில், வார்டில் பன்னிரண்டு மணி நேரம் இந்தக் காலோடுதான் நின்றாயா.

பாய் என்னைக் கூட்டிப்போய் வேறு ஷூ வாங்கிக் கொடுத்தார். சாயங்காலம்தான் போக வேண்டுமாம், நாள் முழுக்க நடந்து கால் விரிந்திருக்கும். ஓடும்போது போடுகிற சாக்ஸையே போட்டுக்கொள்ளச் சொன்னார், ஷூவுக்குள் இருக்கிற மெத்தையை வெளியே எடுத்துத் தரையில் போட்டு அதன் மேல் நிற்கச் சொன்னார், நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் மிச்சம் இருந்தால் போதும், அதற்கு மேலும் வேண்டாம் கீழும் வேண்டாம், பக்கவாட்டில் பிதுங்கக் கூடாது, குதிகால் வழுக்கக் கூடாது என்றார். போட்டுக்கொண்டு நின்றேன், காலில் ஏதோ இருக்கிறது என்றே தெரியவில்லை. கடையிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது, இன்னா வரதா, பில்லு ஜாஸ்தியா என்று பாய் கிண்டல் செய்தார். இவ்வளவு சுலபமான ஒன்றை உனக்குக் கொடுக்காமல் போனேன். அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு தினமும் போகிறேன், ஆனால் நாலாவது வளைவுக்கு மேல் கால் போகமாட்டேன் என்கிறது, அங்கேயே நின்று கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன். உனக்கும் ஒரு ஜோடி வாங்கி டெபோராவிடம் கொடுக்கலாம் என்று நினைத்தேன். கண்ணால பாக்காத காலுக்கு ஷூ வாங்காத என்று பாய் சொல்லிவிட்டார். சரியென்று விட்டுவிட்டேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு யார் உன் பக்கத்தில் இருப்பார்கள் என்று நினைத்தால் இரவில் தூக்கம் வருவதில்லை. டெபோராவை வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன், வேண்டாம் என்று சொல்லி அவளைத் திருப்பி அனுப்பிவிடாதே. நடக்கச் சொல்லும்போது முதலில் கட்டிலிலிருந்து கதவு வரை போ, மறுநாளும் அதே தூரம்தான். இன்றைக்கு நன்றாக இருக்கிறதே என்று கூட்டிவிடாதே, அப்படி நன்றாக இருந்த நாளில்தான் நான் காலைக் கெடுத்துக்கொண்டேன். வலித்தால் வலிக்கிறது என்று வாய் விட்டுச் சொல், யார் மனசு நோகும் என்று பார்க்காதே. பதினாலு வயதில் என் மனசைப் பார்த்து நீ பேசாமல் இருந்தாயே, அதை என்னால் தாங்க முடியவில்லை. என்னை மன்னித்துவிடு என்று கேட்க இந்த வயதில் வெட்கம் ஒன்றும் இல்லை, மன்னிக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை, கோபமாவது படு.

வியாழக்கிழமை காலையிலிருந்து அம்மா புத்தர் படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றி உட்கார்ந்திருப்பாள், நானும் பக்கத்தில் இருப்பேன். உனக்கு வலி குறைந்து, நல்ல தூக்கம் வந்து, உன் காலில் நீ நிற்க வேண்டும், அதுதான் இந்த அப்பாவின் ஆசி. ஒன்றை மட்டும் மறக்காதே. இந்த அடி எப்படிப் பட்டது என்று ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் கேட்பார், ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற உனக்குத் தெரியாததில்லை. கல் தடுக்கியது என்று சொல்லாதே. அப்பா பெரிய ஷூ வாங்கிக் கொடுத்தார் என்று சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா
வரதன்