வீட்டுக்காரியின் உயில்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அப்பாவுக்கு முழங்கால் வலி, எனக்கு அப்பா, மற்றபடி எல்லோரும் நலம்.

போனில் சொன்னால் "இப்ப எதுக்கும்மா அந்தப் பேச்சு" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். பெரிய மாமா போனபிறகு அத்தை படுகிற பாடு உனக்குத் தெரியும். மாமா உயில் எழுதித்தான் வைத்திருந்தார், ஆனால் சாட்சிக் கையெழுத்து இல்லை. இது அவர் எழுதியதுதான் என்று கோர்ட் விசாரித்து உறுதி செய்து கொடுப்பதற்குப் பெயர் ப்ரொபேட்டாம், சாட்சி இல்லாததற்கு அதைத் தரமாட்டோம் என்கிறார்கள். ஒரே தட்டில் சாப்பிட்ட பிள்ளைகள் இரண்டு பேரும் ஆளுக்கொரு வக்கீலைப் பிடித்துக்கொண்டு அத்தையை நடுவில் நிறுத்திவிட்டார்கள்.

அதைப் பார்த்து வந்த அப்பா மறுநாளே ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடையை உன் தம்பியிடம் விட்டுவிட்டு என்னையும் இழுத்துக்கொண்டு வக்கீலிடம் போனார். வக்கீல் உன் வயதுப் பெண். அப்பா கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "கடை பையனுக்கு, அவன்தான் பாத்துக்கறான். வீடு ரெண்டு பேருக்கும் சமபாதி. எழுதிக்கோம்மா" என்று ராஜா மாதிரி பிரித்துக் கொடுத்தார். அவள் எழுதிக்கொண்டே, "வீடு யார் பேர்ல இருக்கு சார்?" என்றாள். அவர் வாயைத் திறப்பதற்குள் நான், "என் பேர்ல" என்றேன். என் டெலிபோன் ஆபீஸ் லோனில்தானே வாங்கினோம், என் வீடு என் வீடு என்று சொல்லிச் சொல்லி அந்த மனுஷருக்கே மறந்து போயிருக்கிறது. "அப்ப சார் எழுத முடியாது, அம்மாதான் எழுதணும்" என்று அவள் சொன்னதும் அப்பா மெதுவாகக் காலைக் கீழே இறக்கினார், நீ பார்த்திருக்க வேண்டும்! அன்றிலிருந்து "வீட்டுக்காரம்மா, ஃபேன் போட்டுக்கலாமா?" என்று ஒரே கிண்டல். கல்யாணமான நாளிலிருந்து நான் வீட்டுக்காரிதான், உங்களுக்கு இப்போதுதான் அர்த்தம் புரிந்திருக்கிறது என்றேன்.

ஆனால் ஒருநாள், "நீ முன்னாடி போயிட்டா நான் எங்கடி இருப்பேன்?" என்று விளையாட்டுப் போலக் கேட்டார், குரல் விளையாட்டாக இல்லை. அதனால் என் உயிலில் முதல் வரியாக, அவர் உயிரோடு இருக்கும்வரை யாரும் அவரை இந்த வீட்டிலிருந்து கிளப்பக்கூடாது, அதற்குப் பிறகுதான் பிள்ளைகளுக்குச் சமபாதி என்று எழுதச் சொன்னேன். வக்கீல் படித்துக் காட்டியபோது அப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவரும் கடைக்குத் தனியாக ஓர் உயில் எழுதிவிட்டார். சாட்சிக் கையெழுத்துப் போட உன் தம்பி பேனாவோடு ஓடி வந்தான், பங்கு வாங்குகிறவன் சாட்சியாக வேண்டாம் என்று அவள் துரத்திவிட்டாள், அடுத்த கடைத் தையல்காரரும் மாடி வீட்டு டீச்சரும்தான் போட்டார்கள். இரண்டு உயிலையும் நிறைவேற்றும் பொறுப்பை உன் தலையில் கட்டியிருக்கிறோம், திட்டாதே. உன் தம்பி, யாராவது அழுதால் போட்டிருக்கும் சட்டையையும் கழற்றிக் கொடுத்துவிடுவான், நீ "மூக்கைச் சிந்திட்டு வந்து பேசு" என்பாய்.

கடை முழுவதும் அவனுக்குப் போவதில் உனக்கு மனத்தாங்கல் இருந்தால் மறைக்காமல் இப்போதே சொல். சண்டை போடுவதென்றால் நான் இருக்கும்போதே போட்டுக்கொள்ளுங்கள், அப்புறம் போட்டால் இரண்டு பேர் முதுகிலும் ஒன்று வைத்துச் சாப்பிட உட்கார வைக்க ஆள் இருக்காது.

எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருங்கள். பல் டாக்டரைப் பார்க்க மறக்காதே.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா