தோல் சீவாத இஞ்சி

மதினி,

இன்று காலை சமையலறைக் கதவைத் திறந்ததும் புளிப்பும் காரமுமாக ஒரு வாசம் முகத்தில் அடித்தது. என் வீடு, என் அடுப்பு, என் அலமாரி. வாசம் மட்டும் உங்களுடையது. இருந்த காலத்தில் விசேஷத்துக்கு மட்டும் வந்துபோன சம்பந்தியம்மா, போன பிறகு ஒரு கண்ணாடி ஜாடிக்குள் இங்கேயே குடிவந்துவிட்டீர்கள்.

தயிருக்கு உறைமோர் மாதிரி, உங்கள் இஞ்சிப் பானத்துக்கு அந்த ஜாடியில் இருப்பதுதான் உறை. இஞ்சித் துருவல், சீனி, தண்ணீர், வேறொன்றுமில்லை. தினமும் கொஞ்சம் இஞ்சியும் சீனியும் போட்டுவந்தால் அதுபாட்டுக்கு நுரைத்துக்கொண்டிருக்கும். அதில் ஒரு கரண்டி எடுத்து இனிப்பு இஞ்சித் தண்ணீரில் கலந்து, எலுமிச்சம்பழம் பிழிந்து பாட்டிலில் மூடி வைத்தால் கடைச் சோடா தோற்றுப்போகும். போனில் ஒரு வெள்ளைக்காரி இங்கிலீஷில் சொன்னதைப் பார்த்தே நீங்கள் கற்றுக்கொண்டீர்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். என் எரிச்சல் அங்கேதான் தொடங்கியது.

பேத்தியின் பிறந்தநாள் அன்று எங்கள் மில்லர்புரமே மணக்க நான் நன்னாரி சர்பத் கலக்கி வைத்திருந்தேன். நீங்கள் துறைமுகப் பக்கத்திலிருந்து ஆட்டோவில், மடி நிறையப் பாட்டில்களோடு வந்து இறங்கினீர்கள். மூடியைத் திருகியதும் 'புஸ்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், என் சர்பத் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. "ஆச்சி, மூக்குக்குள்ள கூசுது!" என்று பேத்தி உங்கள் மடியில் ஏறிக்கொண்டாள். சர்க்கரை நோயுள்ள என் வீட்டுக்காரர், என் முகத்தைப் பார்க்காமல் இரண்டாம் தடவையும் தம்ளரை நீட்டினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. பாட்டிலின் அடியில் கிடந்த பழுப்புத் துணுக்குகளைக் காட்டி, "என்ன மதினி, இஞ்சிக்குத் தோலு சீவக்கூட நேரம் கெடைக்கலியோ?" என்றேன்.

"தோலுலதான் மதினி அதுக்கு உயிரே இருக்கு. ஒங்கள மாரி சுத்தக்காரி கையில மாட்டுனா செத்துல்லா போவும்!"

வீடே சிரித்தது. நான் பாயசம் பார்ப்பதுபோல் உள்ளே போய்விட்டேன்.

நீங்கள் கண்மூடிய பிறகு உங்கள் மகள் தாய்வீட்டிலிருந்து கேட்டு வாங்கி வந்தது நகையும் இல்லை, சேலையும் இல்லை. இந்த ஜாடிதான். வேலைக்குப் போகிறவள், "அத்தை, பகல்ல நீங்க பாத்துக்கிடுங்க" என்று என் கையில் கொடுத்தாள். ஆனால் என் சமையலறையில் தோலோடு இஞ்சி எதிலும் விழுந்ததில்லை. உங்களுக்காக அந்த வழக்கத்தை மாற்றுவேனா? பளிச்சென்று சீவி, துருவி, போட்டுக்கொண்டே வந்தேன். நுரை குறைந்தது. பிறகு அடங்கியது. மழை நாள், குளிருக்குத் தூங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வேலை விட்டு வந்ததும் என் மருமகள் முதலில் பார்ப்பது அந்த ஜாடியைத்தான். அன்று தோள் பையைக்கூட இறக்காமல் அதன் முன்னால் நின்றாள். காதோடு வைத்துக் கேட்டாள்.

"அத்தை, அம்மா போயிட்டாளா?"

உங்களை அடக்கம் பண்ணிய அன்றுகூட அவள் அப்படிக் கேட்கவில்லை, மதினி. வந்தவர்களுக்கெல்லாம் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தவள்.

"ஏளா, கோட்டி மாரி பேசாத" என்று அதட்டிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்கு நடந்தேன். "அண்ணாச்சி, மண்ணு ஒட்டுன இஞ்சியாப் பாத்துக் குடுங்க" என்றேன். லேசாக அலசி, தோலோடு துருவி, கண்ணை மூடிக்கொண்டு போட்டேன். செத்தும் ஜெயிக்கிறீர்களே என்று வாய் முணுமுணுத்தது. மறுநாளும் அப்படியே போட்டேன். அதற்கடுத்த நாள் ஓரத்தில் ஒரு குமிழ் எட்டிப் பார்த்தது. சாயங்காலத்துக்குள் ஜாடியின் கழுத்துவரை நுரை. அவள் வந்து அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு "அம்மா" என்றாள். காப்பாற்றிய நான் பக்கத்தில்தான் நின்றேன். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நேற்று பக்கத்து வீட்டுக்காரி ஒரு தம்ளர் வாங்கிக் குடித்துவிட்டு, "ஒங்க சம்பந்தியம்மா கைப்பக்குவம் அப்படியே இருக்கு" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. "அவங்க போட்ட இஞ்சி எப்பவோ தீந்துட்டு. இப்ப இதுல கெடக்கது பூரா நான் போட்டது!"

உள்ளேயிருந்து உங்கள் மகள் சிரிப்பது கேட்டது. நீங்கள் போன பிறகு அவள் சிரிப்பது அதுதான் முதல் தடவை. "அம்மா இருந்திருந்தா இதுக்குப் பதிலுக்கு ஒண்ணு சொல்லிருப்பா அத்தை" என்று என்னருகே வந்து நின்றாள்.

"என்ன சொல்லிருப்பாங்க, சொல்லு பாப்போம்."

அவளும் யோசித்தாள், நானும் யோசித்தேன். இரண்டு பேருக்கும் வரவில்லை.

இன்று இஞ்சி துருவும்போதும் அதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் இடத்தில் நின்று எனக்கு நானே ஏதேதோ பதில் சொல்லிப் பார்க்கிறேன். எதிலும் காரமில்லை. உங்கள் ஜாடியை வாங்கிக்கொண்டேன், மகளையும் கொஞ்சம் வாங்கிக்கொண்டேன். அந்த வாயை மட்டும் யாருக்கும் கொடுக்காமல் கொண்டுபோய்விட்டீர்களே, மதினி.