கூடத்துச் சுவர்

1946, ஐப்பசி, செவ்வாய் இரவு

மெயின் சுவிட்சை இறக்கி வைத்திருக்கிறேன். லாந்தர் வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

நேற்று கூடத்துச் சுவரில் ஜன்னல் வைக்க இடித்தபோது, கொத்தனார் மாரியப்பனின் உளி ஒயர் ஓடும் மரச்சட்டத்தைப் பிளந்துவிட்டது. ரப்பர் உரிந்து செம்பு தெரிந்தது.

"இத அப்புடியே வுடக் கூடாதுங்க. கரண்டு வேல தெரிஞ்ச ஆளக் கூப்புடுங்க" என்றான்.

சேலத்திலிருந்து ஆள் வர நாலு நாளாகும். வியாழக்கிழமை மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். வீடு இருட்டாகக் கிடக்குமே என்று நினைத்தேன்.

"மேல பூசி மூடிரு. அப்பறம் பாத்துக்கலாம்" என்றேன். தயங்கினான். மெயினை இறக்கச் சொல்லிவிட்டுப் பூசினான். அவன் போனதும் நான் மெயினை மறுபடி ஏற்றிவிட்டேன்.

இன்று காலை அக்கா அந்தச் சுவருக்கு வெள்ளையடித்தாள். ஈரச் சுவரில் கை ஒட்டிக்கொண்டது. நான் ஓடிப்போய் மெயினை இறக்குவதற்குள் விழுந்துவிட்டாள். உயிர் தப்பியது. வலது கை விரல்கள் அசையவில்லை. தையல் வேலை செய்துதான் அவள் பிழைக்கிறாள்.

டாக்டர் கட்டுப் போட்டுவிட்டுப் போனதும் கேட்டாள்:

"தம்பி, அங்க ஒயரு கெட்டுக் கெடந்தது உனக்குத் தெரியுமா?"

"தெரியாதுக்கா."

மாரியப்பன் வாசற்படியில் நின்றிருந்தான்.

"அடப்பாவி, நீயாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?" என்று அவனைக் கேட்டாள்.

அவன் என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எந் தப்புத்தாங்கம்மா" என்றான். பூச்சுக் கரணையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அக்கா உள்ளே தண்ணீர் கேட்கிறாள். நான்தான் பிடித்துப் புகட்ட வேண்டும்.