படகுக்குள் சில்வண்டு

அன்புள்ள அம்மாவுக்கு, தொமோயோ வணக்கத்துடன் எழுதுவது. அப்பாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? கூரைப் பனியைத் தள்ள அவரை ஏற விடாதீர்கள். நான் நலம்.

நேற்று ஒரு வேடிக்கை. மீனவக் கிராமங்களைச் சுற்றிக்காட்டும் எங்கள் படகு முப்பது பயணிகளோடு புறப்படும் நேரம். படகோட்டி இவாபுச்சி சட்டென்று இயந்திரத்தை நிறுத்திவிட்டார்.

"கேக்குதா தொமோயோ? படகைக் காக்குற சாமி சில்வண்டு மாதிரி கத்துது. இன்னிக்குப் போனா திரும்ப மாட்டோம். எல்லாரையும் எறக்கு."

எனக்கு எதுவும் கேட்கவில்லை. "நெசமாவே சில்வண்டுதான் பூந்திருக்கும், விடுங்கண்ணே" என்றேன். பயணிகள் சிரித்தார்கள்.

"மலையூர்க்காரி, உனக்கென்ன தெரியும்?" என்று சாவியை என் கையில் திணித்துவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

முதலாளி அவரை வேலையிலிருந்தே நிறுத்திவிட்டார். நாளை காலை ஒன்பது மணிக்குப் புது ஆள் ஓட்டுகிறார். வழிகாட்டி நான்தான். கடல் கண்ணாடிபோல் கிடக்கிறது, கவலை வேண்டாம்.

என் பழைய கம்பளிச் சட்டையை அனுப்புங்கள். உங்கள் கையால் போட்ட ஊறுகாயும் கொஞ்சம். அப்புறம், அப்பாவிடம் ஒன்று கேளுங்கள்: பனிக்காலத்தில் சில்வண்டு கத்துமா? இன்று மாலை ஆளில்லாத படகில் இருக்கைகளைத் துடைக்கும்போது எனக்கும் கேட்டது.

தபால் பை கட்டுகிறார்கள், முடிக்கிறேன். உங்கள் பதில் வருவதற்குள் நாங்கள் போய்த் திரும்பியிருப்போம்.

தொமோயோ