கறுப்பு ஓடிய மாதத்தில் ஏது மஞ்சள்

மண்ணரை, திருப்பூர்
12.9.2006

அன்பு மகன் முனீசுக்கு அம்மா செல்லத்தாய் எழுதிக்கொண்டது. நான் கல்லுக்குண்டாட்டம் இருக்கிறேன், நீயும் லூதியானாவில் ரொட்டி தின்று உடம்பைத் தேற்றியிருப்பாய். உன் அப்பாவும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போதெல்லாம் அவர் செல்போனோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அதனால்தான் அஞ்சாம் வகுப்புப் படித்த கையால் இவ்வளவு எழுதி கூரியரில் போடுகிறேன், பிழை இருந்தால் சிரித்துக்கொள்.

ஆடிக் கடைசியில் அப்பா கண்ணில் மஞ்சள் தெரிந்தது. சாயப்பட்டறை மனுசன், ஒரு நாள் சிவப்புக் கையோடு வருவார், ஒரு நாள் பச்சை நகத்தோடு வருவார், நமக்கு அது புதுசா. "மாப்பிள்ளைக்கு நலுங்கு வச்ச மாதிரி இருக்கீகளே, மஞ்ச ஆர்டரா" என்று கேலிதான் பண்ணினேன். அவரும் "சாயம்டி, சோப்புப் போட்டாப் போயிரும்" என்று போய்விட்டார். உடம்பெல்லாம் அரிக்கிறது என்று சொறிந்தார், அதுவும் சாயம்தான் என்று தேங்காயெண்ணெய் தடவிவிட்டேன். போன வாரம் அவர் மேஸ்திரி ஆறுச்சாமி அண்ணனைச் சந்தையில் பார்த்தேன், உங்கள் மஞ்சள் எப்போது தீரும் என்று கேட்டால், "ஏனுங்க, ஒரு மாசத்துக்கு மேல நம்ம பட்டறைல கருப்பு மட்டுந்தானுங்க ஓடுது, மஞ்சளக் கண்ணுலயே பாக்கலீங்களே" என்கிறார். காய்கறிப் பை கையில் இருக்கிறதா இல்லையா என்றே எனக்குத் தெரியவில்லை. பனியன் துணியில் அரை ஷேடு மாறினாலே எடுத்து ஒதுக்குகிற செக்கிங்காரி நான், வீட்டில் கட்டின புருசன் நிறம் மாறினதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். அப்படியானால் அவர் தெரிந்தேதான் சாயம் என்று சொன்னாரா, பயந்துபோயா, என்னைப் பயமுறுத்தாமல் இருக்கவா, கேட்டால் சிரிக்கிறார்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே குழப்பம். பக்கத்து வீட்டு மயிலாள் காமாலைதான் என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தாள், இறங்கவில்லை. கிளினிக்கில் ரத்தம் பார்த்துச் சர்க்கரை என்றார்கள், நம் இரண்டு பக்கத்திலும் யாருக்கும் இல்லாத சர்க்கரை எங்கிருந்து வந்தது. முதுகுவலி மூட்டை தூக்கியதால் என்று நினைத்தோம், ஆனால் சாப்பிட்டால் கூடுகிறது, முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தணிகிறது. மூன்று மாதத்தில் ஒன்பது கிலோ குறைந்திருக்கிறார், நான் இளமை திரும்புகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒன்றுக்குக் கட்டங்காப்பி நிறத்திலும் வெளிக்குச் சுண்ணாம்பு மாதிரி வெளுத்தும் போயிருக்கிறது, கிளினிக் டாக்டரம்மா கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தார். இதெல்லாம் தனித்தனி நோவா, ஒரே நோவா? வயிற்றை ஸ்கேன் எடுத்த அந்த அம்மா, எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்க்கணும் என்கிறார். இரைப்பைக்குப் பின்னால் கணையம் என்று ஒன்று இருக்கிறதாம், அங்கே பித்தக் குழாய் எதனாலோ அடைபட்டிருக்கிறதாம், கல்லாகவும் இருக்கலாம், கட்டியாகவும் இருக்கலாம், கோயம்புத்தூரில் பெரிய ஸ்கேன் எடுக்காமல் சொல்ல முடியாது, தள்ளிப்போடாதீர்கள் என்றார். கட்டி என்றால் அந்தக் கட்டியா என்று கேட்டேன், அதைத்தான் பார்க்கணும் என்றார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வயிற்றுக்குள் இப்படி ஒன்று இருப்பதே எனக்கு இந்த வயசில்தான் தெரியும்.

வருகிற திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கோயம்புத்தூர் ஸ்கேனுக்கு வரச்சொல்லியிருக்கிறார்கள். அவர் மாட்டேன் என்கிறார், இன்னும் ஒரு மண்டலம் கீழாநெல்லி குடித்தால் இறங்கிவிடுமாம். நான் அழுது சொன்னாலும் "நல்லா நடிக்கிறடி" என்கிறார். கல்யாணமான நாளிலிருந்து கேலி பேசியே பழகிவிட்டேன், நான் நிஜம் சொல்கிறபோது அவருக்கு அடையாளம் தெரியவில்லை. நீ சொன்னால் தட்டமாட்டார். இப்போதே லீவு கேட்டு ஓடி வராதே, ஸ்கேன் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, குளிர் வருமுன் கம்பளி வாங்கிவிடு. குலசாமி உன் பக்கத்திலேயே நிற்கட்டும், நீ நூறு வருசம் நல்லா இருக்கணும். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் கூப்பிடு. போனை நான்தான் எடுப்பேன், அவர் பக்கத்தில் இருப்பதால் வழக்கம்போல ஏதாவது கேலி பேசுவேன். அதைக் கேட்டு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதே சாமி, போனை அப்பாவிடம் கொடு என்று சொல்.

இப்படிக்கு
உன் அம்மா
கா. செல்லத்தாய்